பத்து முப்பத்தைந்தில் நின்ற வாட்ச்

"என் புருசன் பொய் சொல்றாருங்க. அந்தப் பொய்ய நீங்க புடிச்சுக் குடுக்கணும்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வர்க்கி பேக்கரியின் மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி சொன்னாள் மருதாம்பாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மஞ்சூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த பாலாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த மலைப் பாதைப் பஸ்களில் பதினெட்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவனின் முகத்தைப் படியில் ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவாள் என்று பேர். இப்போது அதே கண்ணை வைத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள்.

ஜன்னலோரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஆண்டி திரும்பினான். அவளுடைய ஜீப் டிரைவர், உதவியாளர், வாயாடி எல்லாமே அவன்தான்.

"புருசன் நெசம் சொல்றானான்னு கண்டுபுடிக்கத்தான் இங்க வருவாங்க. பொய்தான்னு முடிவே பண்ணிட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

"ஆண்டி, டீயை அவங்களுக்குக் குடு" என்றாள் பாலாமணி. "நீங்க சொல்லுங்க."

மருதாம்பாள் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

அவள் கணவன் வீரையா, மஞ்சூருக்கு மேலே இருக்கும் ஒரு பங்களாவில் பதினாறு வருடமாகக் கார் டிரைவர். போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கார், பங்களாவுக்குக் கீழே உள்ள வளைவில் ராமாத்தாள் என்ற பெண்ணை இடித்துவிட்டது. கேரட் கழுவும் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவள். இடித்தது நான்தான், பயந்து ஓடிவிட்டேன், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று வீரையாவே போலீஸில் சொல்லிவிட்டான். அடிபட்டவளைத் தவிக்க விட்டு ஓடியதால் சுலபத்தில் ஜாமீன் கிடைக்காத பிரிவில் வழக்கு. இப்போது கிளைச் சிறையில் இருக்கிறான்.

"ஆறு மணிக்கு அவரு ஓட்டலியா?"

"ஆறு மணிக்கு அவரு என் தலைக்கு மேல ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தாருங்க. தோட்டத்து லயத்துல எங்க ஊட்டுக் கூரை ஒழுகுது. தகரத்த மாத்தறேன்னு மேல ஏறி நின்னாரு. ஆறு தாண்டி கொஞ்சத்துல போன் வந்துச்சு. பாத்தாரு. எறங்கினாரு. செருப்புகூடப் போடாம ஓடினாரு. ஆருன்னு கேட்டேன். பங்களான்னாரு. அவ்வளவுதான்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"பொண்டாட்டி வேற என்ன சொல்லுவேன்னு கேக்கறாங்க."

"யாருக்காகப் பொய் சொல்றாருன்னு நினைக்கறீங்க?"

"தொரைக்குத்தான்." மருதாம்பாளின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "வெற்றிச்செல்வன் தொரை. அவரு சொன்னா இவரு கெணத்துல குதிப்பாரு. அவரு இடிச்சிருப்பாரு, இவர மாட்டி விட்டுட்டாரு. என் மக காய்ச்சல்ல படுத்துக் கெடக்கு. நாலு நாளா ஒரு வாய் சோறு எறங்கல. அப்பன அந்தக் கோலத்துல பாத்ததுல இருந்து புள்ள பேச்சே விட்டுப்போச்சு. செய்யாத தப்புக்கு அவரு உள்ள கெடக்கக் கூடாதுங்க. ஆரு ஓட்டினதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பாலாமணி எழுந்து மப்ளரைக் கழுத்தில் சுற்றினாள். "தெரிஞ்சுக்கலாம்."

-

ஊட்டி பெரியாஸ்பத்திரியில் ராமாத்தாள் முந்தின நாள்தான் கண் விழித்திருந்தாள். அறுபது வயதைத் தாண்டிய உடம்பு. இடுப்பில் கட்டு, தலையில் கட்டு. பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. தனியாகக் கிடந்த பயம் இன்னும் அவளை விட்டுப் போயிருக்கவில்லை.

"காரு வந்ததே தெரியலீங்க அம்மிணி. மிஸ்ட்டு அப்பிடி மூடிக் கெடந்துச்சு. லைட்டு தெரிஞ்சுது, அப்புறம் கீழ கெடக்கறேன். கண்ணாடி எங்கியோ போயிருச்சு. கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஆளும் மரமும் ஒண்ணுதானுங்க."

"யாராவது இறங்கி வந்தாங்களா?"

"வந்தாங்க. பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தாங்க. கழுத்துல, இங்க, ரெண்டு வெரல வெச்சாங்க. வெச்ச கைய எடுக்கவே இல்ல. ஒரு பேச்சும் இல்ல. என்ற காதுகிட்ட டிக் டிக் டிக்னு ஒரே சத்தம். எங்கூட்டுக்காரரு அந்தக் காலத்துல கட்டியிருந்த வாட்சு மாதிரி. அதையே கேட்டுட்டுக் கெடந்தனுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஓடற சத்தம்." ராமாத்தாள் கூரையைப் பார்த்தாள். "இடிச்சது ஒரு நொடிதானுங்க. அதுக்கப்புறம் தனியாக் கெடந்தது இருக்குதே, அதுதான்..." பாலாமணி அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் மருதாம்பாளுக்குப் போன் போட்டாள். "உங்க வீட்டுக்காரர் வாட்ச் கட்டுவாரா?"

"எங்க கட்டுவாரு? பட்டை பட்டா தோல் அரிச்சுப் புண்ணாயிரும். மணி பாக்க செல்லுதான்."

"வெற்றிச்செல்வன்?"

"அவர்கிட்ட ஒரு வாட்சுக் கடையே இருக்குங்க."

ஆண்டி ஜீப்பை முடுக்கினான். "டிக் டிக்னு கேட்டுச்சுன்னா பேட்டரி வாட்ச் இல்லீங்கக்கா. பழைய சாமான். ஓட்டினவன் கையில கடிகாரம், மாட்டினவன் கையில வெலங்கு. கேஸ் முடிஞ்சுது. மஞ்சூர்ல நல்ல பரோட்டாக் கடை ஒண்ணு இருக்குது..."

"ஒரு வாட்ச் சத்தத்தை வெச்சு எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லாது. ஓட்டு."

-

பங்களாவை அடைந்தபோது மணி இரண்டரை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரை போட்ட பழைய கட்டடம். போர்ட்டிகோ காலியாக இருந்தது. கார் போலீஸ் ஸ்டேஷனில் நின்றது.

வெற்றிச்செல்வனுக்கு அறுபத்தெட்டு வயது. மனைவி இறந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். ஒரு கம்பெனி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, இந்த பங்களாவையும் கொஞ்சம் தேயிலையையும் வாங்கிக்கொண்டவர். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். குரலில் மரியாதை இருந்தது, உபசாரம் இல்லை.

"வெள்ளிக்கிழமை காலையில டாக்ஸி பிடிச்சு கோயமுத்தூர் போனேன். நண்பன் மகன் கல்யாணம். ஞாயிறு ராத்திரிதான் வந்தேன்." செல்போனை நீட்டினார். சனிக்கிழமை மாலை வரவேற்பு மேடையில், மாப்பிள்ளை பக்கத்தில், அவரே நின்றுகொண்டிருந்தார். படம் எடுத்த நேரம் ஆறு ஐம்பது. பின்னால் வேறு பத்துப் பேர். பொய் சொல்ல வழி இல்லாத படம்.

ஆண்டி பாலாமணியைப் பார்த்தான். கேஸ் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

பாலாமணியின் கண் அவர் மணிக்கட்டில் இருந்தது. வெறும் கை. வாட்ச் கட்டிய தடம்கூட இல்லை.

"உங்ககிட்ட நிறைய வாட்ச் இருக்குன்னு சொன்னாங்க."

அவர் முகம் மாறியது. அந்த வீட்டில் அவர்கள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக அதில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாக்கறீங்களா?"

வீட்டின் பின்பக்க அறை. கதவைத் திறந்ததும் குளிரில்லாத, ஈரமில்லாத காற்று. மூலையில் ஒரு இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

"ஈரத்த உறிஞ்சற மெஷின். இந்த மலையில ஈரம்தான் வாட்சுக்கு எமன். அது உறிஞ்சற தண்ணி அடியில டிரேல சேரும். தினம் எடுத்து ஊத்தணும்."

தேக்கு மர பீரோவின் டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். பச்சை வெல்வெட்டில் வரிசை வரிசையாக வாட்சுகள். வட்டம், சதுரம், தங்க முலாம், ஸ்டீல்.

"அறுபத்து மூணு. முப்பது வருசம் தேடித் தேடி வாங்கினது."

"எதைக் கட்டுவீங்க?" என்றான் ஆண்டி.

"கட்டறதில்ல."

"ஒண்ணுகூடவா?"

"கட்டினா கீறல் விழும். வேர்வை படும். மணி பாக்கத்தான் போன் இருக்கே. எல்லாத்தையும் பத்து பத்துல நிறுத்தி வெச்சிருக்கேன். தேதி காட்டறதெல்லாம் ஒண்ணாம் தேதி. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை திறந்து பார்ப்பேன். இந்த ஞாயிறு அலுப்பு, அப்புறம் போலீஸ், பாக்கவே இல்ல."

"அறுபத்து மூணு பேரு வேலைக்கு வந்து ஒருத்தனுக்கும் வேலை குடுக்காத மொதலாளிங்க நீங்க" என்றான் ஆண்டி. அவர் சிரிக்கவில்லை.

பாலாமணி நாலாவது டிராயர் மேல் குனிந்திருந்தாள். எல்லா முட்களும் ஒரே மாதிரி விரிந்து நின்றன. பத்து பத்து, பத்து பத்து, பத்து பத்து.

ஒன்று மட்டும் பத்து முப்பத்தைந்து.

"இது?"

வெற்றிச்செல்வன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மற்றவற்றோடு பார்த்தால் சாதாரணமான வாட்ச். வெள்ளை முகம், பெரிய எண்கள், நீளமான சிவப்பு நிற செகண்ட் முள், தோல் பட்டை. சின்ன ஜன்னலில் கிழமையும் தேதியும் தெரிந்தன. திங்கள், ஒன்பது.

"இத எவனோ தொட்டிருக்கான்."

"கையில எடுக்காதீங்க. முதல்ல சொல்லுங்க, இது சாவி குடுக்கற வாட்சா?"

"ஆட்டோமேட்டிக். கை ஆடறப்போ தானா சாவி ஏறிக்கும். கழட்டி வெச்சிட்டா நாப்பது மணி நேரம் ஓடிட்டு நின்னுரும்."

"நாப்பதேதானா?"

"இந்த மெஷினைப் பிரிச்சு சுத்தம் பண்ணி, நானே சோதிச்சிருக்கேன். முன்னப் பின்ன அரை மணி போகும்." பெருமையை அவரால் அடக்க முடியவில்லை.

பாலாமணி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். திங்கள் காலை பத்து முப்பத்தைந்திலிருந்து நாற்பது மணி நேரம் பின்னால் போனால் சனிக்கிழமை மாலை ஆறு முப்பத்தைந்து.

"ஏன் காலை? திங்கள் ராத்திரி பத்தரையா இருந்தா?" என்றான் ஆண்டி.

"ராத்திரின்னா தேதி மாற ஆரம்பிச்சிருக்கும். எண் ஜன்னல்ல கோணலா நிக்கும். இது நடுவுல நேரா நிக்குது." அவள் வெற்றிச்செல்வனைப் பார்த்தாள். அவர் தன்னை மறந்து தலையாட்டினார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வளைவில் விபத்து. ஆறரைக்கு இந்த வாட்சைக் கழற்றி, இந்த டிராயரில் வைத்திருக்கிறார்கள். வைத்தவருக்கு இது இன்னும் நாற்பது மணி நேரம் ஓடும் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அது நின்ற பிறகு வந்து பத்து பத்துக்குத் திருப்பியிருப்பார். வெற்றிச்செல்வன் ஓட்டியிருந்தால் இது இப்படி நின்றிருக்காது.

"பட்டையைப் பாரு ஆண்டி."

தோல் பட்டையில் கடைசி ஓட்டைக்கும் தள்ளி, புதிதாக ஒரு ஓட்டை. ஊக்கால் குத்தியது. அந்த இடத்தில் தோல் மடிந்திருந்தது. ஒல்லியான கை.

ஆண்டி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். "இந்த அளவுக்கு என் சுண்டு வெரல்தானுங்க நுழையும்."

"தங்க முலாம் போட்டது அத்தனை இருக்க, இதைப் போய் ஏன் எடுத்தாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள் பாலாமணி. "விக்கறதுக்கு இல்ல. அழகுக்கும் இல்ல. செகண்ட் முள் நல்லாத் தெரியுது, அதுக்காக." நிமிர்ந்தாள். "நீங்க இல்லாதப்போ இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"வீரையாகிட்ட. மெஷின் தண்ணிய ஊத்தணும்ல. ஆனா அவனை உள்ள விடமாட்டேன். முரட்டுக் கை, எதையாவது தட்டிடுவான். அவன் மக ராஜப்ரியாதான் வந்து ஊத்திட்டுப் போகும். நல்ல பொண்ணு. ஊட்டில நர்சிங் கடைசி வருசம்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். பாலாமணி அதற்கு மேல் கேட்கவில்லை.

கழுத்தில் இரண்டு விரல். எடுக்காத கை. பேச்சில்லை. காதோரம் டிக் டிக். அது பயந்துபோன ஆளின் கை இல்லை. நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்த கை.

அவள் திரும்புவதற்குள் வெற்றிச்செல்வன் வாட்சை எடுத்துவிட்டார். பட்டையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். துணியால் வாட்சின் கண்ணாடியைத் துடைத்தார். திருகியை இழுத்துச் சுழற்றினார்.

"சார், அது சாட்சி!"

"இது என் வாட்ச்." முட்கள் சுழன்று பத்து பத்தில் வந்து நின்றன. தேதி ஒன்று. "எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தேன் தெரியுமா?"

அந்த அறையில் நின்ற பத்து நிமிடத்தில் ராமாத்தாள் எப்படி இருக்கிறாள் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

-

ஜீப் அந்த வளைவைத் தாண்டியது. ரோட்டோரம் போலீஸ் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மழை பாதி கரைத்திருந்தது. ஆண்டி வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா."

"ம்."

"அவரு துடைச்சுட்டாரு. இப்ப நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அந்தாளு மகளுக்காகத் தானா போய் உக்காந்திருக்கான். கண்டுபுடிக்க முடியலீங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிரலாங்க."

"சொல்லலாம்."

"அப்ப சொல்லிரலாமா?"

"அந்தம்மா என்ன கேட்டாங்க? யார் ஓட்டினதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னாங்க. போலீஸ்ல போய் நிக்கறது என் வேலை இல்ல. ஆனா அவங்ககிட்ட பொய் சொல்ல முடியாது ஆண்டி. ஏற்கனவே ஒருத்தர் சொல்லிட்டார்."

ஆண்டி கியரை மாற்றினான்.

-

தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே வரிசையாக எட்டு வீடுகள். ஐந்தாவது வீட்டின் கூரையில் புதுத் தகரம் பாதி மூடி, பாதி மூடாமல் இருந்தது. மருதாம்பாள் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"தொரை ஒத்துக்கிட்டாருங்களா?"

"அவர் ஊரிலேயே இல்லம்மா. கோயமுத்தூர்ல இருந்தார். நிச்சயம்."

"அப்ப ஆரு?"

பாலாமணி உள்ளே பார்த்தாள். சுவரோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராஜப்ரியா உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு வயது. ஒடிந்துவிடும் போன்ற மணிக்கட்டு கம்பளிக்கு வெளியே தெரிந்தது. அவள் பாலாமணியைப் பார்த்தாள். ஒரே பார்வை. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களை இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்தவள் பாலாமணி. மாட்டிக்கொண்டதில் நிம்மதி அடைந்த முகத்தை அன்றுதான் பார்த்தாள்.

"நாடி எவ்வளவு இருந்துச்சும்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நூத்திப் பன்னெண்டு." ராஜப்ரியா உடனே சொன்னாள். அதற்காகவே நாலு நாளாகக் காத்திருந்தவள்போல. பிறகு உடைந்து அழுதாள்.

மருதாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன நூத்திப் பன்னெண்டு? என்னடி சொல்ற?"

"நான்தாம்மா. நான்தான் ஓட்டினேன்."

துண்டு துண்டாக வந்தது. ராஜப்ரியாவின் வாட்ச் போன மாதமே உடைந்துவிட்டது. வார்டில் செல்போன் கூடாது. செகண்ட் முள் உள்ள வாட்ச் இல்லாமல் நாடி எண்ண முடியாது. பக்கத்துப் பெண்ணின் கையை எட்டி எட்டிப் பார்த்து எண்ணினால் வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வில் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று பயம். வெள்ளி காலை தண்ணீர் ஊற்றப் போனபோது, அறுபத்து மூன்றில் ஒன்றை இரண்டு நாளைக்கு எடுத்துக்கொண்டாள். கிழமையும் தேதியும் சரியாக வைத்துக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பி வைக்கப் போனாள்.

"அப்பா கூரை வேலைல இருந்தாரு. வண்டிய பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு வான்னு சொல்லிருந்தாரு, பேட்டரி எறங்கிருமாம். அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஒரு ரவுண்டு, அந்த வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாம்னு... திடீர்னு மிஸ்ட்டு எறங்கிருச்சு. எறங்கிப் போய்ப் பாத்தேன். நாடி இருந்துச்சு. போன்ல அப்பாவக் கூப்பிட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தோணல. அங்க சிக்னல் சரியா இல்ல, மேட்டுக்கு ஓடிப் போய்த்தான் கூப்பிட்டேன். அப்பா வந்தாரு. நீ ஓடிரு, வாட்ச வெச்சிட்டு ஊட்டுக்குப் போயிருன்னாரு. நான் மாட்டேன்னேன். கால்ல விழப் போனாரும்மா. இன்னும் ஆறு மாசம்தான் உன் படிப்புன்னாரு. என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

மருதாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மழைத் தூறல் திறந்த கூரை வழியாக அடுப்பின் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் பாத்திரம் எடுத்து வைக்கவில்லை.

"போலீஸ்ல நான் சொல்லப் போறதில்ல" என்றாள் பாலாமணி. "சாட்சியும் இப்ப இல்ல. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்."

"நான்தானே தேடி வந்தேன்" என்றாள் மருதாம்பாள். "வாய மூடிட்டு இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது."

பக்கத்து வீட்டில் குழந்தை எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

"அடிபட்ட அந்தம்மா எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டாள் மருதாம்பாள்.

"பேசறாங்க. பிழைச்சிருவாங்க. ஆனா தனியாக் கிடந்ததையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

ராஜப்ரியா முகத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டாள். மருதாம்பாள் எழுந்து போய் அந்தக் கம்பளியை விலக்கினாள். அடிக்கப் போகிறாள் என்று ஆண்டி ஒரு அடி முன்னால் வைத்தான். அவள் மகளின் முடியை ஒதுக்கி, புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"தொரை செஞ்ச தப்புக்கு இவரு உள்ள இருக்கக் கூடாதுன்னு நான் அந்தக் குதி குதிச்சேன். என் மக செஞ்சதுன்னா மட்டும் இருக்கலாமா? எந்திரிடி."

"எந்திரிக்கறேம்மா" என்றாள் ராஜப்ரியா. "எந்திரிக்கத்தான் இத்தன நாளா பாக்கறேன்."

-

வீரையா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. பெண் பைத்தியம்போல உளறுகிறாள், ஓட்டினது நான்தான் என்று எஸ்.ஐ.யிடம் சாதித்தான். மகளின் போனிலிருந்து சனிக்கிழமை மாலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு அவன் போனுக்கு அழைப்பு போயிருந்தது. அதைக் காட்டிய பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

ராஜப்ரியாவுக்கு ஒன்பதாம் நாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கு முடியும் வரை வர வேண்டாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வெற்றிச்செல்வன் அந்த அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டார், புது டிரைவரை வைத்தார். ராமாத்தாள் கோல் ஊன்றி நடப்பாள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஜாமீனில் வந்த மறுநாள் ராஜப்ரியா அவளைப் பார்க்கப் போனாள். ராமாத்தாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராஜப்ரியா அடுத்த நாளும் போனாள்.

ஆனால் பாலாமணியின் மனதில் தங்கிவிட்டது வீரையா வெளியே வந்த காலைதான்.

சிறை வாசலில் மருதாம்பாள் துண்டும் செருப்பும் கொண்டுவந்து நின்றாள். பாலாமணியும் ஆண்டியும் ஜீப்பின் அருகே இருந்தார்கள். வீரையா வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மனைவியைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான்.

"இவங்கள ஆரு கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்" என்றாள் மருதாம்பாள்.

வீரையா செருப்பை வாங்கவில்லை. வெறும் காலோடு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்க ஆரம்பித்தான். மருதாம்பாள் செருப்பைக் கையில் பிடித்தபடி பத்தடி பின்னால் போனாள்.

"ஜீப்புல கொண்டுபோய் விடலாங்களா?" என்றான் ஆண்டி.

"வேண்டாம்."

மஞ்சூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. வீரையா ஏறினான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டான். மருதாம்பாள் படியேறி நடுவில் நின்றாள். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பின்னால் ஏறியவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

கண்டக்டர் விசில் ஊதினான். வீரையா திரும்பாமலே, பக்கத்துச் சீட்டில் கிடந்த யாருடையதோ பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மருதாம்பாள் அங்கே போய் உட்கார்ந்தாள்.